கிளட்ச் அக்கா இளைத்த விதம்

எங்கள் பயிற்சிப் பள்ளியின் கார் கொஞ்சம் சாய்ந்துதான் ஓடும். எந்தப் பக்கம் என்று கேட்டால், அக்கா உட்கார்ந்திருக்கும் பக்கம். அந்தச் சாய்மானத்திலேயே ஓட்டிப் பழகியவர்கள், பரீட்சை நாளில் பக்கத்தில் ஒல்லியான ஆய்வாளர் ஒருவர் ஏறி உட்கார்ந்ததும், கார் திடீரென்று நிமிர்ந்துவிட்டதாக உணர்ந்து தடுமாறிப்போவார்கள். "வண்டியே வேற மாதிரி இருந்துச்சு சார், அதான் கோட்டை விட்டுட்டேன்" என்று என்னிடம் வந்து புலம்பியவர்கள் பலர். நான் அந்தப் பள்ளியின் முன்னறையில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று குறித்துக் கொடுப்பவன். புலம்பல் கேட்பதும் என் வேலையில் சேர்த்திதான்.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்! கிளட்ச்சை மிதி!" என்று அவள் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதனால் கிளட்ச் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எடை தொண்ணூற்று நான்கு கிலோ. சர்க்கரை வியாதி வந்து பதினான்கு வருஷம். இந்த இரண்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"என் உடம்பு. நான்தான் தூக்கிட்டு நடக்கிறேன். உனக்கு எங்க வலிக்குது?"

அவள் கணவர் இதற்கு நேர் எதிர். கைக்கடிகாரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்திரண்டு கிலோ. சட்டையை மாட்டிய ஹேங்கர் நடந்து வருவது போல வருவார். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி நான்கு, பத்து மணிக்குப் பிஸ்கட், மத்தியானம் தட்டு நிறையச் சோறு, நாலு மணிக்குக் கேக், டீயில் மூன்று கரண்டி சர்க்கரை. ஒரு கிராம் ஏறாது.

"தின்னுறதெல்லாம் எங்கதான் போகுது உங்களுக்கு?" என்று அக்கா கேட்பாள்.

"மனசு சுத்தமா இருந்தா உடம்புல எதுவும் ஒட்டாது" என்பார் அவர், மீசையில் கேக் தூளோடு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி ஒரு புதுக் கார் வாங்கினார். பழையதைவிடச் சின்னது. அக்கா ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள், வந்தது. இன்னும் இழுத்தாள், முனகிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. மூச்சை உள்ளே பிடித்து, வயிற்றைக் கையால் ஒதுக்கி, ஒரு வழியாகக் கொக்கியை மாட்டினாள். கொக்கி முழுசாக விழவில்லை போலிருக்கிறது. கார் கிளம்பி, அவள் முதல் "கிளட்ச்!" போட்டதும் டப்பென்று கழன்றுகொண்டது.

மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "அக்கா, பெல்ட்டுக்கு நீளம் சேர்க்கிற துண்டு ஒண்ணு கடையில கிடைக்கும். வாங்கி மாட்டிடலாம்."

"எதுக்கு? என்னைக் கட்டி இழுத்துட்டுப் போகவா?"

முதலாளி சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்தேன், சும்மா இருந்திருக்கலாம். அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மூணு மாசம். இதே சீட்டு, இதே பெல்ட்டு. துண்டு கிண்டு ஒண்ணும் வேண்டாம், அதுவரைக்கும் பழைய கார்லயே போறேன். மாட்டிக் காட்டுறேன்."

அதே வாரத்தில் அவளுக்கு டாக்டரிடம் வழக்கமான சோதனை நாள் வந்தது. அந்த டாக்டரம்மா எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம்தான் கார் கற்றவர். அக்காவிடம் திட்டு வாங்கி முன்னறையில் அழுதவர்களில் அவரும் ஒருவர். கைக்குட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான். இப்போது அவர் மேசைக்கு அந்தப் பக்கம், அக்கா இந்தப் பக்கம்.

"முட்டி வலிக்குதுன்னு சொல்றீங்க, சர்க்கரையும் ஏறியிருக்கு. அஞ்சாறு கிலோ குறைஞ்சா ரெண்டுக்குமே நல்லது அக்கா. ஆனா மெதுவாத்தான் குறைக்கணும். சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி எங்கிட்ட வாங்க. மாத்திரையையும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும்."

"நல்லது அக்கா" என்பது வரைக்கும் அவள் காதில் விழுந்தது. "ஆனா"வுக்குப் பிறகு வருவதைக் கேட்கும் வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

டாக்டரை விட்டுவிட்டு அவள் ஆலோசனை கேட்டது மகளிடம். மகள் வேறு ஊரில் இருக்கிறாள். போனில் வீடியோ பார்த்தே பாதி வைத்தியம் படித்தவள்.

"அம்மா, காலையில ஒண்ணும் சாப்பிடாத. மத்தியானம் வெறும் வெள்ளரிக்காய். சாயங்காலம் சூப். ஒரே மாசத்துல பத்து கிலோ போயிடும். ஒருத்தி இருபது கிலோ குறைச்சிருக்கா, வீடியோ அனுப்புறேன் பாரு."

"அவளுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"சர்க்கரை இருக்கா?"

"அதெல்லாம் வீடியோவுல சொல்லலம்மா."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அக்கா வெள்ளரிக்காய் வாங்கப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் எல்லோருக்கும் போதாத காலம். மத்தியானம் டப்பாவைத் திறந்து வெள்ளரிக்காயை எடுத்துக் கடிப்பாள். ஏதோ அவள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டவனின் காதைக் கடிப்பது போல இருக்கும். வகுப்பில் திட்டு இரண்டு மடங்கானது. ஒரு வங்கி அதிகாரி பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். வீட்டில் கணவர் பாடு இன்னும் மோசம். அவர் பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டாலே அக்காவுக்கு ஆத்திரம் வந்ததால், சாப்பாட்டுத் தட்டோடு அவரை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டாள். மூன்றாம் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்த மேல் வீட்டுக்காரம்மா, பாவம், பெண்டாட்டி கொடுமை போல என்று நினைத்து, தினமும் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். மனிதர் மறுப்பே சொல்லவில்லை. கொடுமையை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நன்றாகவே நடித்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனால் எடை குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் வார முடிவில் நாலரைக் கிலோ. அக்கா காலையில் உள்ளே வரும்போதே அறிவித்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் கைதட்டினோம். "முகமே மாறிப்போச்சு அக்கா" என்றேன். மாறித்தான் இருந்தது. கன்னம் இரண்டும் காற்று இறங்கிய டியூப் மாதிரி தொங்கின. அது நல்ல மாற்றமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறகு அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள் என்பதால் எழுதுகிறேன். அந்த வாரம் ஒருநாள் காலையில் கழிப்பறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வந்து தூக்கி விடுங்க."

"நானா?"

"வேற யாரு, தீயணைப்புப் படையையா கூப்பிட முடியும்?"

ஐம்பத்திரண்டு கிலோ தொண்ணூறு கிலோவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தது. தொண்ணூறு அசையவில்லை. ஐம்பத்திரண்டுதான் முன்னால் சரிந்து அவள் மடியில் போய் விழுந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படி நெருக்கமாக இருந்ததில்லை என்று கணவர் சொன்னதாகவும், தான் பக்கெட்டை எடுத்து எறிந்ததாகவும் அக்கா சொல்கிறாள். கடைசியில் சுவரில் இருந்த குழாயைப் பிடித்து எழுந்துவிட்டாள். எழுந்தவுடன் பழியைக் கழிப்பறை மேல் போட்டாள். "ரொம்பத் தாழ்வா வச்சுக் கட்டியிருக்கான் மடையன்." இருபது வருஷமாக அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அதற்கு நான்காம் நாள் அந்தச் சம்பவம்.

அப்போது எங்களிடம் நூலகத்தம்மா என்று ஒரு மாணவி இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நூலகத்தில் முப்பத்து நான்கு வருஷ உத்தியோகம். "சத்தம் போடாதீர்கள்" என்ற பலகைக்குக் கீழேயே வாழ்ந்தவர் என்பதால் சாதாரணமாகப் பேசினாலே ரகசியம் சொல்வது போல இருக்கும். பரீட்சையில் மூன்று தடவை தோற்றிருந்தார். "நீங்க ஹாரன் அடிச்சாக்கூட மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கும்மா" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இனி நடந்ததை நூலகத்தம்மா சொன்னபடி சொல்கிறேன். அக்காவைக் கேட்டால் "அவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க" என்பாள். கூட்டிச் சொல்லத் தெரிந்த மனுஷி அல்ல அவர்.

அன்று காலை அக்கா சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை விடுவது தப்பு என்று அதை மட்டும் ஒழுங்காக விழுங்கியிருந்தாள். போதாததற்கு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு மணி வகுப்பு. முதல் பத்து நிமிஷம் வழக்கமான திட்டு. பிறகு திட்டு குறைந்தது. பிறகு நின்றேபோனது. நமக்கு ஓட்ட வந்துவிட்டது போலிருக்கிறதே என்று நூலகத்தம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்போது பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ரொம்ப அழகா ஓட்டுறீங்கம்மா."

கிளட்ச் அக்கா யாரையும் பாராட்டி அந்த ஊரில் ஒருத்தர் கேட்டதில்லை. என்னவோ பெரிய தப்பு நடக்கிறது என்று நூலகத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் குளித்துவிட்டுத் துடைக்காமல் வந்தது போல ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"அந்தச் சிவப்பு லைட்டை யாராவது அணைங்க" என்றாள் அக்கா. "வீணா எரியுது."

நூலகத்தம்மாவின் அண்ணனுக்கு சர்க்கரை உண்டு. லோ சுகர் என்றால் எப்படியிருக்கும் என்று அவர் வீட்டிலேயே பார்த்திருக்கிறார். பச்சை விழுந்ததும் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, காரை ஓரமாகக் கொண்டுபோய் நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார். எதிரே ஒரு சலூன். உள்ளே ஓடினார்.

"அவசரமா சர்க்கரை வேணும். ஜூஸ், இனிப்பு, எதுவானாலும் பரவாயில்ல."

"இது சலூன்மா" என்றார் சலூன்காரர், கத்தியும் கையுமாக.

நாற்காலியில் ஒரு கன்னத்தில் நுரையும் மறு கன்னத்தில் தாடியுமாக உட்கார்ந்திருந்த ஆளின் பக்கத்தில் பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் இருந்தது. அந்த மனிதர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கழுத்தில் கட்டிய துணியோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடி வந்தார். அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள், விழுங்கவும் முடியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள்.

"நான் டயட்ல இருக்கேன். என்னைக் கெடுக்கப் பார்க்குறீங்களா? யார் இவன், மூஞ்சியில பாதிதான் இருக்கு?"

"அக்கா, கொஞ்சம் குடிங்க. ஒரே ஒரு வாய்."

"மாட்டேன். மூணு மாசம். பெல்ட்டு."

நூலகத்தம்மா முப்பத்து நான்கு வருஷமாக உள்ளே வைத்திருந்த சத்தத்தை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே எடுத்தார்.

"வாயைத் திற! குடி!"

வாசலில் நின்ற சலூன்காரர் கையிலிருந்து கத்தி கீழே விழுந்தது. அக்கா வாயைத் திறந்தாள். சின்னச் சின்ன மடக்காகப் பாட்டில் காலியானது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வர முக்கால் மணி ஆகும் என்று பதில் வந்தது. கால் மணி நேரத்தில் அக்காவின் முகத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது. சுற்றிலும் பார்த்தாள்.

"வண்டியை எதுக்கு இங்க நிறுத்துனீங்க? நான் சொன்னேனா?"

நூலகத்தம்மா அப்போதுதான் அழுதார்.

சலூன்காரர் தன் டப்பாவிலிருந்து இரண்டு ரொட்டியும் முட்டையும் எடுத்துக் கொடுத்தார். அக்கா மிச்சம் வைக்காமல் தின்றாள். அப்புறம் ஆஸ்பத்திரி. பாதி முகம் சவரம் ஆன மனிதரிடம் லைசென்ஸ் இருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றார். தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்த அக்கா விடவில்லை.

"பயிற்சிக் காரை வெளியாள் ஓட்டக் கூடாது. நீங்க என் சீட்டுல உட்காருங்க, அங்கயும் ஒரு பிரேக் இருக்கு, பார்த்துக்குங்க. அவங்க ஓட்டட்டும். ஓட்டுவாங்க."

அப்படியே போனார்கள். நூலகத்தம்மா ஓட்ட, அரைத் தாடிக்காரர் கழுத்துத் துணியோடு பக்கத்தில் உட்கார, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா பின் சீட்டில் படுத்துக்கொண்டு. நான்கு கிலோமீட்டர், இரண்டு ரவுண்டானா. ஓரிடத்தில் மட்டும் என்ஜின் நின்றது. பின்னாலிருந்து ஈனக் குரலில் "கிளட்ச்" என்று கேட்டதாம்.

தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டரம்மாவின் குரல் நடைவழி வரைக்கும் கேட்டது.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க டயட்ல இருக்கிறது அந்த மாத்திரைக்கு எப்படிக்கா தெரியும்? அது வழக்கம்போலச் சர்க்கரையை இறக்கிட்டே இருந்திருக்கு. நீங்க வெறும் வயித்துல நடந்து இன்னும் இறக்கியிருக்கீங்க. அதுவும் கார்ல! கத்துக்க வந்தவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு! எங்கிட்ட வாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

எட்டு வருஷத்துக்கு முன் அழுத பெண்ணா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அப்படியும் வாய் அடங்கவில்லை.

"நாலரைக் கிலோ குறைஞ்சிருக்கேனே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதுல உட்காருங்க. கையை மார்ல கட்டிக்குங்க. இப்ப எழுந்திருங்க."

அக்கா முயன்றாள். முன்னால் சாய்ந்தாள், பல்லைக் கடித்தாள். ஒரு விரற்கடை மேலே வந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். கழிப்பறையை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அந்த நாற்காலியை அவள் திட்டவில்லை.

"குறைஞ்சதுல ஒரு பங்கு தண்ணி. இன்னொரு பங்கு தசை. கொழுப்பு பெரும்பாலும் அங்கேயே சௌகரியமா உட்கார்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா, இப்போது குரலைத் தணித்து. "இருபது வயசுல பட்டினி கிடந்தா ஏதோ சமாளிச்சுக்கலாம். அறுபதுக்கு மேல தசை போச்சுன்னா லேசுல திரும்ப வராது அக்கா. அப்புறம் விழுவீங்க, எலும்பு உடையும். இளைக்கணும், ஆனா பலம் போகாம இளைக்கணும். மூணு வேளையும் சாப்பிடுங்க. முட்டை, மீன், பருப்பு, ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும். சோறு ஒரு பிடி. காய் நிறைய."

"சாப்பிட்டா எப்படிம்மா இளைக்கிறது?"

"சாப்பிடாம இளைச்சீங்களே, எப்படி இருந்துச்சு?"

"முட்டை அவிச்சதா, பொரிச்சதா?" என்றாள் அக்கா.

மாத்திரையை டாக்டரம்மா மாற்றினார், அளவையும் குறைத்தார். தினமும் சர்க்கரை பார்த்து எழுதி வரச் சொன்னார். அது நிலைக்கு வந்து, தான் சரி சொல்லும்வரை காரில் ஏறக் கூடாது என்றார். ஊசி, மாத்திரை எதற்கும் முகம் சுளிக்காதவள் இதற்கு முகம் சுளித்தாள்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுநாளே எங்கள் முன்னறைக்கு வந்துவிட்டாள். எனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி எழுந்திருக்கும் பயிற்சி. ஆரம்பத்தில் பிட்டத்துக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயரம் கூட்டிக்கொண்டாள். முதல் நாள் இரண்டு முறை. எண்ணுவது என் வேலை.

"ரெண்டு" என்றேன்.

"மூணு."

"ரெண்டுதான்க்கா. முதல்ல எழுந்தது மேசையைப் பிடிச்சுட்டு."

"உன்னை யாரு இவ்வளவு உண்மையா எண்ணச் சொன்னது?"

வகுப்புக்கு வந்து காத்திருப்பவர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அது தனி சந்தோஷம். அந்த வங்கி அதிகாரிகூடத் திரும்பி வந்து, "முதுகு வளையுதுக்கா, முதுகு! நேரா!" என்று கத்திவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் டாக்டரம்மா காரில் ஏற அனுமதி கொடுத்தார். ஏறும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், கையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளையோடு. அதன் பிறகும் நாற்காலிப் பயிற்சி நிற்கவில்லை.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த முதல் மாதம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. அன்று எடைமெஷின் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. மகள் உடனே ஒரு புது வீடியோ அனுப்பினாள், ஏதோ பச்சைச் சாறு.

"இனிமே வீடியோ அனுப்பினே, உன்னையே பிளாக் பண்ணிடுவேன்" என்றாள் அக்கா. "டாக்டர் சொன்னதை மட்டும் கேக்கப்போறேன்."

"நீயாம்மா? அடுத்தவங்க சொல்றதைக் கேக்கப்போறியா?"

"கேட்டுப் பார்க்கிறேன். பிடிக்கலைன்னா விட்டுடுவேன்."

விடவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து எடை இறங்கியது. ஆமை வேகம். மாதத்துக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ. சில மாதம் ஒன்றுமே இல்லை. மூன்று மாதச் சபதம் காற்றில் போயிற்று. புதுக் காரின் அந்தப் பெல்ட் ஆறாம் மாதம் ஒருநாள் சாதாரணமாக மாட்டிக்கொண்டது. அப்போது யாரையோ திட்டிக்கொண்டிருந்ததால் அவளே அதைக் கவனிக்கவில்லை. மெக்கானிக்தான் பார்த்து வந்து சொன்னார்.

இந்த நாற்காலி வைபவத்தை வீட்டில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கணவர் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இதுக்குப் போயி இவ்வளவு முக்கலா? நான் அம்பது தடவை எழுந்திருப்பேன்."

"எழுந்திருங்க பார்ப்போம்."

மூன்று. நான்காவதற்குப் பாதி வழியில் நின்று, காற்றில் கைகளை வீசி, பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அக்காவுக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. அதே சூட்டில் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"இந்த ஹேங்கரையும் கொஞ்சம் பாருங்க. இவருக்கு உடம்புல எலும்பைத் தவிர வேற ஏதாவது இருக்கான்னு தெரியணும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கும் சர்க்கரை இருந்தது. அக்காவைவிட அதிகமாகவே இருந்தது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும், எத்தனை நாளாக இருந்ததோ என்றார் டாக்டரம்மா. அக்கா முதலில் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "மனசு சுத்தமா இருந்தா ஒட்டாதுன்னாரே, இப்ப ரத்தத்துலயே ஒட்டிக்கிச்சே!" சிரித்து முடித்து நடைவழிக்கு வந்தபோது, அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சோதனைக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தின் உள்ளே மயிரிழைச் சக்கரத்தை எல்லாம் பார்த்துப் பழுது நீக்கிய விரல்கள் அந்தக் காகிதத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் வைத்தாள்.

"எதுக்குப் பயப்படுறீங்க? பதினஞ்சு வருஷமா எனக்கு இருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

"நீ சாகல. சரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கை விடணுமா?"

"டாக்டரைக் கேக்கலாம். அதுவரைக்கும் பாதியா வெட்டித் தர்றேன்."

"பெரிய பாதியா வெட்டு."

இதை அக்காதான் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வகுப்பு நோட்டில் ஏதோ எழுதுவது போல இருந்தேன்.

நூலகத்தம்மா நான்காம் தடவை தேறிவிட்டார். சலூன் வாசலில் ஒருமுறை திறந்த தொண்டை அப்புறம் மூடவில்லை. ஆய்வாளர் ஏதோ தவறாகச் சொன்னபோது "இல்லை, நான் கண்ணாடி பார்த்தேன்" என்று உரக்கச் சொன்னாராம். அக்காவை இப்போது அவர் "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்கு ஒருமையில் அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டபோது அக்கா, "பரவாயில்ல, என் வீட்டுக்காரர் நாப்பது வருஷமா முயற்சி பண்ணியும் முடியாததை நீங்க ஒரு நாள்ல செஞ்சீங்க" என்றாள்.

பதினான்கு மாதம் கழித்து அக்கா எண்பத்தாறு கிலோவில் நின்றாள். எட்டு கிலோ. தெருவில் பார்ப்பவர்கள் யாரும் அவளை இளைத்துவிட்டாய் என்று சொல்வதில்லை. இப்போதும் குண்டுதான். கார் இப்போதும் சாய்ந்துதான் ஓடுகிறது. ஆனால் எங்கள் அலுவலக மாடிப்படியை முட்டியைத் திட்டாமல் ஏறுகிறாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுந்திருக்கிறாள், சர்க்கரை டாக்டரம்மா சொன்ன எல்லைக்குள் நிற்கிறது. எண்பதுக்கு இறங்கிவிடட்டுமா என்று ஆசையாகக் கேட்டதற்கு டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாம்க்கா. இதை இப்படியே வச்சுக்கிட்டீங்கன்னா அதுவே பெரிய விஷயம்." அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெளியே வந்து, "அந்தப் பொண்ணுக்கு என்னை ஒல்லியாப் பார்க்கப் பொறாமை" என்றாள்.

நேற்றுக் காலை வேலைக்கு வரும் வழியில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்த்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நடக்கிறார்கள். அவர் பத்தடி முன்னால். கையில் தண்ணீர் பாட்டில் இரண்டு, தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு.

"மெதுவாப் போங்க, யாரும் துரத்தல!"

"நீ வேகமா வாயேன்!"

"எனக்குத் தூக்கிட்டு வர நிறைய இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

அவர் நின்றார். அவள் வந்து சேர்ந்ததும் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிடி வேண்டியிருந்ததா, அவரை ஓடவிடாமல் பிடித்ததா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன வேடிக்கை? ஒன்பது மணிக்குக் கிளாஸ் இருக்கு, ஆபீஸைத் திறந்தியா இல்லையா?"

நான் ஓட்டமும் நடையுமாகப் போய்த் திறந்தேன்.